பிட்ச் 15ல மாட்டிக்கிட்ட ஆளு

கிளைம்பிங் ஜிம்ல செஷன் முடிஞ்சு ஷூவைக் கழட்டிப் போட்டுட்டு விரல்ல சுத்தியிருந்த டேப்பைப் பிரிச்சுக்கிட்டு உக்காந்திருந்தப்போ, புதுசா சேர்ந்த பையன் ஒருத்தன் கேட்டான், "அக்கா, கிளைம்பிங்ல உங்களுக்கு யாரு இன்ஸ்பிரேஷன்?" நான் வாயைத் திறக்கறதுக்குள்ள சுத்தி இருந்தவங்க ஆரம்பிச்சுட்டாங்க. ஒருத்தர் அலெக்ஸ் ஹானல்ட்ன்னார், இன்னொருத்தர் ஆடம் ஓண்ட்ரா, ஒரு பொண்ணு யான்யா கார்ன்ப்ரெட்டோட ரெண்டு ஒலிம்பிக் தங்கத்தைப் பத்தி மூச்சு விடாம பேசினா. நான் கெவின் ஜோர்கசன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் எதுவும் சொல்லல. அப்புறம் என் ஃப்ரெண்ட் ஒருத்திதான், "டான் வால்ல டாமி கால்டுவெல் கூடப் போனாரே அவரா? டாமியை விட்டுட்டு ஏன்டி அவரைச் சொல்ற?"ன்னு கேட்டா. அப்போ எனக்குப் பதில் வரல, பேச்சும் வேற எங்கேயோ போயிடுச்சு, ஆனா அந்தக் கேள்வி மட்டும் கூடவே வந்துடுச்சு. சமைக்கும்போது, பஸ்ல போகும்போது, தூக்கம் வராத ராத்திரில எல்லாம் மனசுக்குள்ள அவளுக்குப் பதில் சொல்லிக்கிட்டே இருந்தேன். அதைத்தான் இங்க எழுதிப் பாக்கறேன்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். ஒருத்தரைப் பாத்து வாயடைச்சுப் போறதும், ஒருத்தரைப் பாத்துட்டு மறுநாள் ஹார்னெஸை எடுத்து மாட்டிக்கறதும் எனக்கு ஒண்ணாத் தெரியல. ஹானல்ட் 2017 ஜூன் 3ம் தேதி அமெரிக்காவுல யோசெமிட்டில இருக்கற எல் கேபிடன்ங்கற பெரிய பாறைச்சுவர்ல ஃப்ரீரைடர்ங்கற ரூட்டைக் (ஏறற பாதையை) கயிறே இல்லாம 3 மணி 56 நிமிஷத்துல ஏறி முடிச்சார், கிட்டத்தட்ட 900 மீட்டர் செங்குத்துப் பாறை. அந்தக் காட்சியைப் பாத்தப்போ எனக்கு உள்ளங்கை வேர்த்துச்சு, மூச்சு நின்னு போச்சு, எல்லாம் உண்மைதான். ஆனா அது என்னை உக்காந்த இடத்துலயே உக்கார வெச்சுது. நாளைக்கு நானும் ஏதாவது பண்ணணும்னு தோணவே இல்ல, தோணவும் கூடாது, கயிறு இல்லாம ஏறறதைப் பாத்து நாலு பேரு கயிறைக் கழட்டிட்டா அதைவிட மோசமான விஷயம் வேற இல்ல.

அதே ஹானல்ட் கதையில என்னை நெஜமாவே அசைச்சது வேற ஒரு நாள். 2016 நவம்பர்ல அவர் ஒரு தடவை அதே ரூட்ல ஆரம்பிச்சுட்டுத் திரும்பி வந்தார். அதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடிதான் கீழ்ப்பகுதில இருக்கற ஸ்லாப்ல, அதாவது சாய்வான வழுவழுப் பாறைல, விழுந்து கணுக்காலைச் சுளுக்கிக்கிட்டிருந்தார். கேமரா புடிக்கறவங்க எல்லாம் அவங்கவங்க இடத்துல ரெடியா தொங்கிக்கிட்டிருக்காங்க, இவர் இருட்டுல ஏற ஆரம்பிக்கறார், கால் மேல நம்பிக்கை வரல, "இன்னிக்கு வேண்டாம்"னு முடிவு பண்ணிக் கீழ வந்துட்டார். அத்தனை பேரு காத்துக்கிட்டிருக்கறப்போ வேண்டாம்னு சொல்றதுக்கு எவ்வளவு தெளிவு வேணும்! அதைத் தெரிஞ்சுக்கிட்டதுக்கு அப்புறம், மனசு சரியில்லாத நாள்ல லீட் பண்றதுக்கு (கயிறைக் கீழேருந்து நாமளே மாட்டிக்கிட்டு ஏறறதுக்கு) பதிலா "டாப் ரோப் போட்டுக்கறேன்"னு, அதாவது மேலேருந்து கயிறு தாங்கட்டும்னு, சொல்ல எனக்குத் தயக்கமே வந்ததில்ல. அந்த 3 மணி 56 நிமிஷம் எனக்கு இதைக் கத்துக்குடுத்திருக்காது.

அந்த ஏழு நாள்

இப்போ கெவினுக்கு வரேன்.

டான் வால் கதை உங்கள்ல நெறைய பேருக்குத் தெரிஞ்சிருக்கும், அதனால சுருக்கமா. எல் கேபிடன்லயே ரொம்ப வழுவழுப்பான பக்கம் அது. டாமி கால்டுவெல் 2007ல இருந்தே அதுல ஏற வழி தேடிக்கிட்டிருந்தார். டாமியோட கதையே தனிப் படம் எடுக்கற மாதிரி: 2000ல கிர்கிஸ்தான்ல ஆயுதக் கும்பல் கையில பிணைக்கைதியா மாட்டித் தப்பினவர், 2001ல மர அறுவை மெஷின்ல இடது ஆள்காட்டி விரலோட பாதிக்கு மேல போயிடுச்சு, அதுக்கப்புறமும் உலகத்துலயே கஷ்டமான பெரிய பாறைச்சுவர்கள்ல ஏறினவர். யாரைக் கேட்டாலும் அவரைத்தான் சொல்வாங்க, சொல்லணும்.

கெவின் ஒரு பௌல்டரர். சின்னப் பாறைகள்ல கீழ மெத்தை போட்டுட்டு ஏறறவர். டாமி அந்தச் சுவர்ல தனியா போராடிக்கிட்டிருக்கற ஒரு வீடியோவைப் பாத்துட்டு, கூட ஆள் வேணுமான்னு அவரே போய்க் கேட்டார். 2009ல சேர்ந்துக்கிட்டார். அதுக்கு முன்னாடி அவர் எல் கேபிடன்ல ஏறினதே கிடையாது! இந்த இடத்துலயே எனக்கு அவரைப் புடிச்சுப் போச்சு. ஒரு கிளைம்பர் இன்னொரு கிளைம்பரைப் பாத்து உந்தப்படறதுன்னு நாம பொத்தாம்பொதுவா சொல்றமே, அது ஒரு மனுஷன் வாழ்க்கைல நெஜமா எப்படி நடக்கும்னு கேட்டா நான் இதைத்தான் சொல்வேன். வீடியோ பாத்தார், லைக் போட்டுட்டுப் போகல, அந்தாளுக்கு மெசேஜ் பண்ணி, தனக்குச் சுத்தமா பழக்கமே இல்லாத ஒரு உலகத்துக்குள்ள போய் நின்னார். 2011ல அங்க ஒரு டைனோல, அதாவது எட்டி ஒரே தாவாத் தாவிப் புடிக்கற இடத்துல, கணுக்கால்ல அடிபட்டு அந்த சீசனையே விட்டார். அப்பவும் திரும்பி வந்தார்.

2014 டிசம்பர் 27ம் தேதி ரெண்டு பேரும் கீழேருந்து ஆரம்பிச்சாங்க. கயிறு இருந்தது, ஆள் விழுந்தா தாங்கறதுக்கு மட்டும்தான், மத்தபடி கை கால் பலத்துலயே மொத்தம் 32 பிட்ச் (ஒரு கயிறு நீளத்துக்குள்ள ஏறற ஒவ்வொரு துண்டும் ஒரு பிட்ச்), எந்தப் பிட்சை முடிக்காமலும் அடுத்ததுக்குப் போகக்கூடாது. ராத்திரில ஹெட்லேம்ப் போட்டுக்கிட்டு ஏறினாங்க, ஏன்னா குளிர்லதான் விரலுக்கும் பாறைக்கும் பிடிப்பு கிடைக்கும், வெயில்ல வேர்த்தா கதை முடிஞ்சுது. பகல்ல சுவர்ல தொங்கற போர்ட்டாலெட்ஜ்ங்கற கட்டில்ல படுத்துக்குவாங்க. 14, 15 ரெண்டு பிட்சும்தான் ரொம்பக் கஷ்டம், ரெண்டும் அமெரிக்கக் கஷ்ட அளவுல 5.14டி, பக்கவாட்டுல நகர்ந்து போகணும், புடிக்கற இடம் எல்லாம் பிளேடு விளிம்பு மாதிரி. டாமி 15ஐ முடிச்சுட்டார். கெவின் மாட்டிக்கிட்டார்.

இங்கதான் கொஞ்ச நேரம் நிக்கணும்னு ஆசைப்படறேன். ஏன்னா இந்தக் கதையைச் சொல்றவங்க எல்லாரும் இதை "அப்புறம் கெவினுக்குக் கொஞ்சம் டைம் ஆச்சு"ன்னு ஒரே வரில தாண்டிடறாங்க. அந்தக் கொஞ்சம் டைம் ஏழு நாள். பத்துத் தடவை கிட்ட விழுந்திருக்கார். அதுவும் எப்படி விழறார்னு யோசிங்க: விரல் தோல் கிழிஞ்சிருக்கு, டேப் போட்டா பிடிப்பு போயிடும், போடலன்னா ரத்தம் வரும். தோல் சேர்றதுக்காக ரெண்டு நாள் எதையும் தொடாம போர்ட்டாலெட்ஜ்லயே உக்காந்திருக்கணும். கிளைம்பிங் பண்றவங்களுக்குத் தெரியும், உடம்பு ரெடியா இருக்கறப்போ தோலுக்காகக் காத்திருக்கறது எவ்வளவு பெரிய கொடுமைன்னு. இதெல்லாம் தனியா நடந்தாக்கூடப் பரவால்ல. அந்த நேரத்துல அமெரிக்கா மொத்தமும் அந்தச் சுவரைப் பாத்துக்கிட்டிருக்கு, பத்திரிகைல தினமும் செய்தி வருது, கீழ புல்வெளில டெலிஸ்கோப் வெச்சுக்கிட்டு ஜனங்க நிக்கறாங்க. கிளைம்பிங்னா என்னன்னே தெரியாதவங்களுக்கும் அந்த வாரம் தெரிஞ்ச ஒரே விஷயம், மேல ரெண்டு பேரு இருக்காங்க, அதுல ஒருத்தரால முடியல.

நாம விழுந்தா யாருக்குத் தெரியும்? பிலே புடிக்கறவங்களுக்கும், அதாவது நாம விழாம கயிறைப் புடிச்சுக்கறவங்களுக்கும், பக்கத்து ரூட்ல இருக்கறவங்களுக்கும். அதுக்கே நமக்கு முகம் சுண்டிப் போகுது, "இன்னிக்குக் கை ஈரமா இருக்கு"ன்னு ஏதோ சொல்லிக்கிட்டே கீழ இறங்கறோம். அவர் அங்க உலகமே பாக்கறப்போ விழுந்து, கயிறுல ஆடி நின்னு, திரும்ப பிலே இடத்துக்கு வந்து, ஷூவைத் துடைச்சுட்டு, மறுபடி அதே மொதல் ஹோல்டை, அதாவது கை புடிக்கற இடத்தை, தொட்டார். 2015 ஜனவரி 9ம் தேதி அந்தப் பிட்சைத் தாண்டினார். எட்டு வருஷ கனவு டாமியோடது, பிட்ச் 20 வரைக்கும் போய்ட்டார், அதுக்கு மேல இருந்ததெல்லாம் அவருக்கு ஒப்பீட்டளவுல சுலபம், தனியா போய் முடிச்சிருக்கலாம். கெவின் இல்லாம மேல போய் நிக்கறதை அவரால யோசிக்க முடியல, இறங்கி வந்து கெவினுக்கு பிலே புடிச்சார். ஜனவரி 14ம் தேதி ரெண்டு பேரும் சேர்ந்துதான் உச்சிக்குப் போனாங்க.

இதைச் சொன்னப்போ என் ஃப்ரெண்ட் சட்டுன்னு, "பாத்தியா, கடைசில நீயே டாமியைத்தான் பாராட்டற"ன்னா. பாராட்டறேன்தான். காத்திருந்ததுக்காக அவருக்கு எவ்வளவு மரியாதை குடுத்தாலும் தகும். ஆனா என்னால டாமியா என்னை நெனச்சுப் பாக்க முடியல. பிட்ச் 15ல தொங்கிக்கிட்டு, கூட வந்தவர் முன்னாடி போய்ட்டார், நம்மால அவருக்கு லேட்டாகுதுன்னு மனசு அரிக்க அரிக்க இன்னொரு தடவை ட்ரை பண்றேன்னு சொல்ற ஆளா என்னை நெனச்சுப் பாக்க முடியுது. எங்க குரூப்ல எப்பவுமே கடைசியா முடிக்கறவ நான்தான்.

அப்போ ஜெயிச்சவங்க யாரும் உந்தறதே இல்லையா?

இந்தக் கேள்வியை அவளேதான் கேட்டா, சரியான கேள்விதான். விழறதுதான் பெருசுன்னா எல்லாருமே விழறோமே, அதுல என்ன விசேஷம்?

இதுக்கு லின் ஹில்லைப் பத்தி யோசிக்காம பதில் சொல்ல முடியாது. 1993ல எல் கேபிடன்ல நோஸ் ரூட்டை முதன்முதலா ஃப்ரீயா, அதாவது டான் வால் மாதிரி கயிறைப் பாதுகாப்புக்கு மட்டும் வெச்சு, ஏறினது அவங்க. ஆம்பளை, பொம்பளை எல்லாரையும் சேர்த்து முதல் ஆள். அடுத்த வருஷமே திரும்பி வந்து 23 மணி நேரத்துல அதையே முடிச்சாங்க. 5 அடியைக் கொஞ்சம் தாண்டின உயரம் அவங்களுக்கு. சேஞ்சிங் கார்னர்ஸ்ன்னு ஒரு இடத்துல புடிக்கவே ஒண்ணும் இல்லாத மூலைல முதுகு, முழங்கை, பாதம்னு எல்லாத்தையும் ரெண்டு பக்கமும் அழுத்தித் திருகி, உடம்பையே ஒரு மாதிரி சுழட்டி மேல போனாங்க. அவங்க விரல் சின்னது, அதான் முடிஞ்சுதுன்னு சொன்னவங்களும் இருந்தாங்க. குள்ளமா இருக்கறவங்களுக்கு எத்தனை ஹோல்டு எட்டாமலே போகும்னு அப்படிச் சொல்றவங்க யோசிச்சதே இல்லன்னு நெனக்கறேன். "நான் உயரம் கம்மி, எனக்கு இந்த ரூட் வராது"ன்னு யாராவது சொன்னா எனக்கு முதல்ல ஞாபகத்துக்கு வர்றது லின் ஹில்தான்.

ஆனா பாருங்க, அவங்களுக்கு அப்புறம் அதே ரூட்டை இன்னொருத்தர் ஃப்ரீயா முடிக்க 1998 ஆச்சு. அதுக்கடுத்து 2005ல டாமியும் பெத் ராடனும். 2018ல 15 வயசுப் பையன் கானர் ஹெர்சன், அவன் அப்பா கூடப் போய் முடிச்சான். 2019ல பாப்ஸி ஸாங்கர்ல் முடிச்சாங்க, அவங்கதான் 2024 நவம்பர்ல ஃப்ரீரைடரை ஒரு தடவை கூட விழாம முதல் முயற்சிலயே முடிச்சவங்க. எல் கேபிடன்ல அப்படி யாரும் அதுக்கு முன்னாடி முடிச்சதில்ல. லின் கதவைத் திறந்து வெச்சாங்க, உள்ள ஆள் வர்றதுக்கு வருஷக்கணக்கா ஆச்சு. அதனால ஜெயிச்சவங்க உந்தறதே இல்லன்னு நான் சொல்ல வரல. இது நடக்கும்னு காட்டறது ஒரு பெரிய காரியம். அது நமக்கு "முடியும்"னு சொல்லுது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அலுப்பா இருக்கறப்போ, அதே நாலாவது ஹோல்டுல அதே மாதிரி கை வழுக்கறப்போ, என்ன பண்றதுன்னு அது சொல்லித் தராது.

லின் ஹில்கிட்ட அதுக்கும் ஒரு பாடம் இருக்கு. 1989ல பிரான்ஸ்ல ப்யூக்ஸ்ன்னு ஒரு இடத்துல, அவங்களுக்கு வார்ம் அப் மாதிரியான ஒரு ரூட்டுக்காகக் கயிறு முடிச்சைப் பாதி போட்டுட்டு ஷூ போடப் போய், முடிச்சை முடிக்காமலே ஏறிட்டாங்க. மேல போய்ப் பின்னாடி சாஞ்சப்போ கயிறு உருவிக்கிச்சு, ஏறக்குறைய 22 மீட்டர் கீழ விழுந்தாங்க. மரக்கிளைகள் தடுத்ததால பொழச்சாங்க. உலகத்துலயே முதல் வரிசைல இருந்த ஒருத்தர் இதை மறைக்காம எல்லாருக்கும் சொன்னாங்க. இன்னிக்கு வரைக்கும் நான் ஏறறதுக்கு முன்னாடி பார்ட்னரோட முடிச்சைப் புடிச்சு இழுத்துப் பாக்கறப்போ, எரிச்சலாகறவங்ககிட்ட இந்தக் கதையைத்தான் சொல்றேன். யாரும் அதுக்கப்புறம் எரிச்சலாகறதில்ல. நோஸ் ரூட்ல எனக்கு ஏற வராது, முடிச்சு சரி பாக்கறது வருது. அவங்க எனக்குக் குடுத்ததுல நான் தினமும் பயன்படுத்தறது அதுதான்.

ஃப்ரெண்டோட கேள்விக்கு என் பதில் இதுதான்: சும்மா விழறது போதாது. விழுந்ததை மறைக்காம, அடுத்த ஆளுக்கு உதவற மாதிரி விட்டுட்டுப் போகணும். குர்ட் ஆல்பர்ட் 1975 வாக்குல ஜெர்மனில ஃப்ராங்கன்யூரால, ஒரு ரூட்டை ஆணியைப் புடிக்காம, கயிறுல தொங்கி ரெஸ்ட் எடுக்காம ஏறி முடிச்சா, அடியில சிவப்புப் பெயிண்ட்ல ஒரு புள்ளி வெச்சுட்டுப் போவார். இன்னிக்கு நாம ரெட்பாயின்ட்னு சொல்றது அதுதான். அவரோட நண்பர் வோல்ஃப்காங் கியூலிக் 1991ல ஆக்ஷன் டைரக்ட்ங்கற ரூட்டை முடிச்சார், உலகத்தோட முதல் 9ஏ (இது பிரெஞ்சுக் கஷ்ட அளவு) ரூட்டுன்னு சொல்வாங்க. அதுக்கு அவர் விரல் பலத்துக்காகப் பயன்படுத்தின கேம்பஸ் போர்டு, காலை வெக்காம கையாலயே தாவி ஏறற பலகை, இன்னிக்கு நெறைய கிளைம்பிங் ஜிம்ல ஒரு மூலைல இருக்கு. அடுத்த வருஷமே கார் விபத்துல போய்ட்டார், வயசு 31தான். 2020ல மெலிஸா லெ நேவே அந்த ரூட்டை முடிச்ச முதல் பெண் ஆனாங்க, அதுக்குப் பின்னாடி பல வருஷ முயற்சி இருக்கு. ஃபின்லாந்துல நாலெ ஹுக்கடைவல் வருஷக்கணக்கா விழுந்து விழுந்து 2016ல முடிச்ச பர்டன் ஆஃப் ட்ரீம்ஸ் பாறையோட ஹோல்டுகளை 3டில ஸ்கேன் பண்ணி அச்சா அப்படியே செஞ்சு வெச்சிருக்காங்க. வில் போசி அந்த மாதிரி ஒரு ரெப்ளிகால பழகிட்டுப் போய்த்தான் 2023ல ஒரிஜினலை முடிச்சார். ஒருத்தர் கஷ்டப்பட்ட அதே விளிம்புல, பாறை இருக்கற நாட்டுக்கே போகாம, இன்னொருத்தர் கையை வெச்சுப் பாக்க முடியுதுன்னா அதை விட வேற என்ன வேணும்!

வெட்டின வீடியோக்கள்

எனக்கு இப்போ ஒரு வருத்தம் இருக்கு. போன்ல வர்ற கிளைம்பிங் வீடியோ எல்லாம் முப்பது செகண்ட். பாட்டு ஓடுது, கை ஹோல்டு மேல ஹோல்டா போகுது, டாப், கத்தல், முடிஞ்சுது. அந்த ரூட்டுக்காக அந்தப் பொண்ணு மூணு மாசம் விழுந்தது எங்க போச்சு? வெட்டிட்டாங்க. போடறவங்களைக் குத்தம் சொல்லல, விழறதைப் போட்டா யாரும் பாக்கறதில்லன்னு அவங்களும் நெனக்கறாங்க. ஆனா எங்க ஜிம்ல புதுசா வர்ற பசங்க இதைப் பாத்துட்டு வந்து, ரெண்டாவது வாரத்துலயே "எனக்கு டேலன்ட் இல்ல போலிருக்கு"ன்னு சொல்றதை நான் காதால கேக்கறேன். அன்னிக்கு என்கிட்ட கேள்வி கேட்ட பையன் கூட, விழுந்தா யாராவது பாத்தாங்களான்னு முதல்ல சுத்திப் பாப்பான். நல்லா ஏறக்கூடிய பையன். ஆள் இருக்கற நேரத்துல அவனுக்குத் தெரிஞ்ச ரூட்டை மட்டும்தான் ஏறுவான், தெரியாததைத் தொடறதுக்கு எல்லாரும் கெளம்பட்டும்னு காத்திருப்பான். அவன் கத்துக்க வேண்டியது எல்லாம் அந்தத் தெரியாத ரூட்லதான் இருக்கு, அதை ஆளில்லாத நேரத்துல தனியா எப்படிக் கத்துக்க முடியும்? பீட்டா (எப்படி ஏறணும்ங்கற குறிப்பு) சொல்லக்கூட ஆள் வேணாமா?

இப்போ நான் ஒண்ணு ஆரம்பிச்சிருக்கேன். ஓவர்ஹேங்ல, அதாவது நம்ம பக்கம் சாஞ்சிருக்கற சுவர்ல, ஒரு மஞ்சள் ரூட், ரொம்ப நாளா என்னை உள்ள விடமாட்டேங்குது. க்ரக்ஸ், அதாவது ரொம்பக் கஷ்டமான இடம், நடுவுல, இடது கையால விரல் நுனி மட்டும் பதியற ஒரு சின்ன கிரிம்ப்பைப் புடிச்சுக்கிட்டு வலது காலைத் தூக்கி இடுப்பு உயரத்துல வெக்கணும், எனக்கு அங்க கால் வரும், உடம்பு வராது. அதுல விழறதை எல்லாம் வெட்டாம குரூப்ல போடறேன். ஆரம்பத்துல ரெண்டு மூணு பேரு கைதட்டற எமோஜி போட்டாங்க, எதுக்குன்னு தெரியல. அப்புறம் உயரமா இருக்கற ஒருத்தர், காலையே வெக்காம நேரா அடுத்த ஹோல்டை எட்டிடுன்னார், அது எனக்கு எட்டாது. இன்னொரு பொண்ணு, என் உயரம்தான் இருப்பா, குதிகாலை ஹூக் பண்ணிப் பாருங்க அக்கா, இடுப்பு சுவரை விட்டு வெளிய போகாதுன்னு எழுதினா. அவளும் அங்கதான் விழறாளாம், யார்கிட்டயும் சொல்லலையாம். ஹீல் ஹூக் போட்டுப் பாத்தேன், முன்னாடி விழுந்த இடத்தைத் தாண்டி அடுத்த ஹோல்டுல விரல் பட்டுச்சு, புடிக்க முடியல. அதையும் போட்டேன். அந்தப் பையன் அதைப் பாத்துட்டு, "அக்கா, ஹீல் வெச்சதுக்கப்புறம் நீங்க இடது முழங்கையை வெளிய விடறீங்க"ன்னு அனுப்பியிருக்கான். சரியாத்தான் சொல்றான், வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாத்தேன். தோல் ஆறினதும் முழங்கையை ஒட்டி வெச்சு ட்ரை பண்ணணும். அவனை பிலே புடிக்கச் சொல்லியிருக்கேன், அவன் முறை வரும்போது அதே மஞ்சள் ரூட்டை எல்லாரும் இருக்கறப்பவே தொடறேன்னு ஒத்துக்கிட்டிருக்கான்.